குடிமையியல் பாடத்துக்கு அரசியலமைப்பைப் படிக்கிறீர்களா? மூலத்தைத் திறந்து வையுங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சில எண்கள் தயங்காமல் வரும். 395 பிரிவுகள், 22 பகுதிகள், 8 அட்டவணைகள், வரைவுக் குழுவில் 7 பேர். சரி, வெளிநாட்டிலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு மாணவரைக் காரணமே சொல்லாமல் போலீஸ் பிடித்து வைத்தால் அவருக்கு நம் அரசியலமைப்பில் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் 22-ஆவது பிரிவின் முதல் வரியிலேயே விடை இருக்கிறது: கைது செய்யப்பட்ட எவருக்கும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். "குடிமகன்" என்று அங்கே போடவில்லை, "எவரும்" என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் போய்ப் பார்த்திருந்தால் போதும்.

இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான். பாடநூலைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடநூல் ஒரு பிரிவைப் பற்றி ஒரு வரி சொல்லும்போது, அந்தப் பிரிவையே எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். பாடநூல் சுருக்கும்போது முதலில் விழுவது விதிவிலக்குகள்தான், கேள்வி கேட்பவர்கள் கை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் மூலம் வேண்டும். ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசியலமைப்பு முழுவதும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலப் பதிப்பின் பக்கங்களில் அடிக்குறிப்புகள் இருக்கும், எந்த வார்த்தை எந்தத் திருத்தத்தால் எப்போது நுழைந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் பிள்ளைகள் சீந்துவதே இல்லை, எனக்கு அதுதான் அந்தப் பிடிஎஃபிலேயே சுவாரசியமான பகுதி. தமிழில் படிப்பவர்கள் தமிழ்ப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடநூலில் "பிரிவு" என்பார்கள், பத்திரிகையில் "சரத்து" என்பார்கள், சட்டத் தமிழில் "உறுப்பு" என்று வரும். மூன்றும் ஒன்றுதான், குழம்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், 1-ஆவது பிரிவில் தொடங்கி 395 வரை வரிசையாகப் படித்துவிடுகிறேன் என்று உட்காராதீர்கள். அது கதைப் புத்தகம் இல்லை, நான்காம் நாள் மூடி வைத்துவிடுவீர்கள்.

முதல் அரை மணி நேரம்: பொருளடக்கம் மட்டும்

பொருளடக்கப் பக்கங்களை மட்டும் எடுத்து, எந்தப் பகுதி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாப் பகுதியும் வேண்டாம். 12 முதல் 35 வரை அடிப்படை உரிமைகள், 36 முதல் 51 வரை அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், 51-ஏ அடிப்படைக் கடமைகள், 52-இல் தொடங்கி 151 வரை ஒன்றிய அரசு, 152 முதல் 237 வரை மாநிலங்கள், 243 என்ற எண்ணுக்குள் உள்ளாட்சிகள், 245 முதல் 263 வரை ஒன்றிய-மாநில உறவு, 324 முதல் 329 வரை தேர்தல், 343 முதல் 351 வரை ஆட்சிமொழி, 352 முதல் 360 வரை நெருக்கடி நிலை, 368 திருத்தம். இந்த வரைபடம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆளுநர் பற்றிய பிரிவு என்று 76-ஐ எழுதிவிட்டு வர மாட்டீர்கள், ஏனென்றால் 76 ஒன்றியத்தின் எல்லைக்குள் இருக்கிறது, மாநிலமே 152-இல்தான் ஆரம்பிக்கிறது.

இத்தனை திருத்தம் வந்த பிறகும் கடைசி எண் ஏன் 395-ஆகவே இருக்கிறது என்று வகுப்பில் கேட்பார்கள். புதிதாகச் சேர்ப்பதை இடையில் எழுத்துப் போட்டுச் செருகுகிறார்கள், அதனால்தான் 21-ஏ, 51-ஏ, 300-ஏ எல்லாம். நீக்கியதை நீக்கிய இடத்தில் வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். ஏழாம் பகுதியைத் தேடிப் பாருங்கள், இருக்காது, 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாக மாற்றியமைத்தபோது எடுத்துவிட்டார்கள். அட்டவணை மட்டும் 8-லிருந்து 12 ஆகியிருக்கிறது. இந்தச் செருகல்களையும் வெற்றிடங்களையும் கவனித்தாலே எழுபது சொச்சம் ஆண்டு அரசியல் வரலாறு கண்ணில் படும். சொத்துரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆவது பிரிவில் ஏ, பி, சி, டி, ஈ என்று வந்து அடுத்து ஜி-க்குத் தாவும், நடுவில் எஃப் இருக்காது. 31-உம் இருக்காது. 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து, தள்ளி 300-ஏ-யில் கொண்டுபோய் வைத்தது. "அடிப்படை உரிமைகள் ஏழிலிருந்து ஆறானது ஏன்" என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

ஒவ்வொரு பிரிவையும் நான்கு கேள்வியோடு படியுங்கள்

இது யாருக்கு? யாருக்கு எதிராக? விதிவிலக்கு எங்கே? மீறினால் எங்கே போவது? உரிமைகள் பகுதிக்கு இந்த நான்கும் போதும்.

யாருக்கு என்பதில் தொடங்குவோம். 14, 20, 21, 22, 25 எல்லாம் எந்த மனிதருக்கும் உரியவை. 15, 16, 19, 29 குடிமக்களுக்கு மட்டும். இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, பிரிவைத் திறந்தால் முதல் வரியில் யாரைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பத்தி போட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள், அதற்கப்புறம் மறக்காது.

யாருக்கு எதிராக என்பது கொஞ்சம் நுட்பமானது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன, "அரசு" என்றால் யார் யார் என்று சொல்லத்தான் 12-ஆவது பிரிவு அங்கே முதலில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சில பிரிவுகள் தனி மனிதரையும் கட்டுப்படுத்தும். கடை, உணவகம், கிணறு, குளம், சாலை இவற்றில் சாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று 15(2) சொல்வது கடைக்காரருக்கும்தான். கட்டாய வேலை வாங்குவதைத் தடுக்கும் 23, குழந்தைத் தொழிலைத் தடுக்கும் 24 அப்படியே. 17-ஐச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று தொடங்கும் வாசகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள், அதற்குப் பின்னால் நிற்கும் சட்டம் இதுதான். 17-ஆவது பிரிவை எடுத்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: இரண்டே வாக்கியம், விதிவிலக்கு என்று எதுவுமே கிடையாது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுநலம் என்று எந்தக் காரணமும் அங்கே எடுபடாது. மற்ற உரிமைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

மூன்றாவது கேள்வி விதிவிலக்கு. இங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், ஏனென்றால் நம் அரசியலமைப்பில் உரிமை ஒரு வரி என்றால் அதற்கு எல்லை போடுவது அஞ்சு வரி. 19(1) பேச்சு, கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், நடமாட்டம், குடியிருப்பு, தொழில் என்று ஆறு சுதந்திரங்களைக் கொடுக்கிறது. (2) முதல் (6) வரை அவற்றுக்கான கட்டுப்பாடுகள். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த (2)-இல் எத்தனை காரணம் இருக்கிறது என்று எண்ணுங்கள், எட்டு வரும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல்.

இந்த எட்டில் சில 1950-இல் அங்கே இல்லை. எப்படி வந்தன என்ற கதை நம் மெட்ராஸில் ஆரம்பிக்கிறது. ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ்ரோட்ஸ் என்ற வார இதழ் பம்பாயில் அச்சாகி வந்தது. அது மெட்ராஸ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய மாகாண அரசு பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, காரணம் ரொம்ப எளிது: 19(2)-இல் அப்போது "பொது ஒழுங்கு" என்ற சொல்லே இல்லை. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத் தூண்டுதல் மூன்றும் உள்ளே நுழைந்தன, கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே வந்தது. 1963-இல், திராவிட நாடு கோரிக்கை பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 16-ஆவது திருத்தம் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. இப்போது அந்த எட்டையும் திரும்பப் படியுங்கள், பட்டியல் போலத் தெரியாது.

முதல் திருத்தத்தின் இன்னொரு பாதியும் மெட்ராஸ் வழக்குதான். மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் அரசாணை தோற்றது, 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அரசுக் கல்வி நிலையத்தில் சாதி, மதம் பார்த்து இடம் மறுக்கக் கூடாது என்ற 29(2)-க்கு அது முரணானது என்று தீர்ப்பு. தமிழகத்தில் பெரியார் தலைமையில் போராட்டம் கிளம்பியது, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) ஜூன் மாதம் சேர்க்கப்பட்டது. இப்போது 15(4)-ஐத் திறந்து பாருங்கள். "இந்தப் பிரிவிலோ 29-ஆவது பிரிவின் (2)-ஆவது கூறிலோ உள்ள எதுவும்" தடையாகாது என்றுதான் அது தொடங்கும். 15-க்குள் 29(2)-க்கு என்ன வேலை என்று முதல் தடவை படிப்பவர் விழிப்பார், வழக்கு தெரிந்தவருக்கு அந்த வரியில் அதன் தடயம் அப்படியே தெரியும். வழக்கைத் தனியாக, திருத்தத்தைத் தனியாக, பிரிவைத் தனியாக மூன்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வதைப் போல வீணான வேலை வேறில்லை.

சட்டம் சொன்ன நடைமுறைப்படி அல்லாமல் எவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிற 21-ஆவது பிரிவு இதற்கு நேர் எதிர். 1950-இல் எழுதியபடியேதான் அந்த வாக்கியம் இன்றும் இருக்கிறது, மாறியது அதற்கு நீதிமன்றம் கொடுக்கும் பொருள். மெட்ராஸ் மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், 1950-இல், சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்லியிருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமையே என்றார்கள். எழுத்து மாறி வளர்ந்ததற்கு 19-உம், எழுத்து மாறாமல் வளர்ந்ததற்கு 21-உம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால், "அரசியலமைப்பு ஒரு வாழும் ஆவணம், விளக்குக" என்று கேட்கும் கேள்விக்கு உங்களிடம் சரக்கு இருக்கும்.

நான்காவது கேள்வி, மீறினால் எங்கே போவது. 32-இன்படி நேராக உச்ச நீதிமன்றம், 226-இன்படி உயர் நீதிமன்றம். இதில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒளிந்திருக்கிறது: நீதிப்பேராணை, அதாவது உரிமையைக் காக்க நீதிமன்றம் இடும் ஆணை, வெளியிடுவதில் யாருக்கு வரம்பு பெரிது? உயர் நீதிமன்றத்துக்குத்தான். 32 அடிப்படை உரிமைக்கு மட்டும், 226-இல் "வேறு எந்த நோக்கத்துக்காகவும்" என்றும் இருக்கிறது. அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னது 32-ஐ. ஐந்து பேராணைகளின் பெயர்களைப் பாடநூலிலேயே படித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைக் கற்பனை செய்யுங்கள். காணாமல் போன தம்பியைப் போலீஸ் வைத்திருக்கிறது என்றால் ஆட்கொணர் நீதிப்பேராணை, தகுதியில்லாதவர் பதவியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் தகுதிமுறை வினவும் பேராணை, இப்படி.

நெறிமுறைக் கோட்பாடுகளுக்கு இந்த நான்காவது கேள்வி பொருந்தாது, 37-ஆவது பிரிவே நீதிமன்றத்தில் இவற்றை வலியுறுத்த முடியாது என்று சொல்லிவிடுகிறது. அதனால் அவற்றைக் கழித்துவிட வேண்டாம். 40-ஆவது பிரிவு கிராமப் பஞ்சாயத்து என்று 1950-இலேயே சொன்னது, 73-ஆவது திருத்தமாக அது உயிர் பெற்றது 1993-இல். 45-இல் இருந்த கட்டாயக் கல்வி 2002-இன் 86-ஆவது திருத்தத்தில் 21-ஏ ஆகி உரிமைகளுக்குள் வந்தது. கோட்பாடு எப்போது உரிமையாகவோ சட்டமாகவோ ஆனது என்று ஒரு அம்புக்குறி போட்டுப் படித்தால் இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும்.

செய்தித்தாளோடு சேர்த்துப் படிக்கிற பகுதி

ஒன்றிய-மாநில உறவை வெறும் பாடமாகப் படித்தால் தூக்கம்தான் வரும். சட்டம் போடும் அதிகாரத்தை ஒன்றியம், மாநிலம், இருவருக்கும் பொது என்று மூன்று பட்டியலாகப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைய செய்தியில் ஒரு விஷயத்தை எடுத்து, அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேடுங்கள். காவல்துறை மாநிலப் பட்டியல். ரயில்வே ஒன்றியப் பட்டியல். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது, 1976-இன் 42-ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நீட் பற்றிய சண்டை எதுவாக இருந்தாலும் அதன் வேர் இங்கே இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் என்றால் 248, அது நாடாளுமன்றத்துக்கு.

பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போட்டு இரண்டும் முட்டிக்கொண்டால்? 254. பொதுவாக ஒன்றியச் சட்டம்தான் நிற்கும், ஆனால் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்தில் அது நிற்கும். இதைப் புரிந்துகொள்ள ஜல்லிக்கட்டை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றியச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டளவில் 2017-இல் ஒரு திருத்தம் போட்டார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினார்கள், 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. மெரினாவில் கூட்டம் கூடியது எல்லாருக்கும் நினைவிருக்கும், அதை 254(2)-ஓடு சேர்த்து எழுதுகிறவர் வகுப்பில் ஒருவரோ இருவரோதான்.

இதே மாதிரி, ஆளுநர் மசோதாவை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தால் 200-ஐ எடுங்கள். ஆட்சிக் கலைப்பு என்றால் 356. தமிழ்நாட்டிலேயே 1976, 1980, 1991 என்று உதாரணங்கள் இருக்கின்றன, 1994-இன் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது. தொகுதி மறுவரையறை என்றால் 82. கட்சித் தாவல் என்றால் பத்தாவது அட்டவணை, 1985. 69 சதவீத இடஒதுக்கீடு என்றால் ஒன்பதாவது அட்டவணை, 1994-இன் 76-ஆவது திருத்தம். செய்தியில் கட்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டுப் பிரிவு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள், சண்டையை அப்புறம் ரசிக்கலாம்.

கணக்குப் போட்டுத்தான் புரியும்

இரண்டு இடத்தில் பேனா எடுத்தே ஆக வேண்டும்.

ஒன்று 368. சிறப்புப் பெரும்பான்மை என்றால் மூன்றில் இரண்டு என்று பலர் எழுதிவிட்டு வருகிறார்கள், அது பாதி விடை. அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், இரண்டும் சேர்ந்து. மக்களவையில் 543 பேர், பாதிக்கு மேல் என்றால் 272. ஒருநாள் 390 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள், மூன்றில் இரண்டு 260. 265 பேர் ஆதரித்தால் நிறைவேறுமா? நிறைவேறாது, 272-ஐத் தொடவில்லை. 450 பேர் வாக்களித்தால் 300 வேண்டும், 272 பத்தாது. இரு அவைகளிலும் தனித்தனியாக இப்படி நிறைவேற வேண்டும். கூட்டாட்சியைத் தொடுகிற பிரிவு என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும், ஜிஎஸ்டி கொண்டுவந்த 101-ஆவது திருத்தம் அந்த வழியில் போனது. இவ்வளவும் தேவைப்படாத மாற்றங்களும் உண்டு. மெட்ராஸ் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 368-இன் வழியே அல்ல, 3-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் 1968-இல் போட்ட சாதாரணச் சட்டத்தால், 1969 ஜனவரி 14 முதல். ஒரு மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்ற முடிகிறது என்பதை வைத்து இந்தியா எந்த வகைக் கூட்டாட்சி என்று ஒரு பக்கம் எழுதலாம்.

368 எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத்தான் கேசவானந்த பாரதி வழக்கு, 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 7-க்கு 6. திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது. அதற்கு மேல் பள்ளி அளவில் இதில் நீட்ட வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு குடியரசுத் தலைவர் தேர்தல். 54, 55. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு என்பது மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி 1000-ஆல் வகுத்தால் வருவது. மக்கள்தொகை 1971 கணக்கெடுப்பின்படி. தமிழ்நாட்டுக்கு 4,11,99,168-ஐ 234-ஆல் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுங்கள், 176 வரும். ஒருமுறை போட்டுப் பார்த்தால் சூத்திரம் தானாக நிற்கும்.

முகவுரை, வரலாறு, கடன் வாங்கிய அம்சங்கள்

முகவுரையை மனப்பாடம் செய்யலாம், இந்த ஒன்றுக்கு நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் கீழே போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்: 1949 நவம்பர் 26. மேலே இருக்கும் சமதர்மம், மதச்சார்பின்மை, நாட்டின் ஒருமைப்பாடு மூன்றும் 1976-இல் சேர்த்தவை. முகவுரை இதுவரை திருத்தப்பட்டது அந்த ஒரே முறைதான். 1949 தேதியின் கீழ் 1976-இன் சொற்கள் இருக்கலாமா என்று வகுப்பில் ஒரு விவாதம் வையுங்கள், ஒரு பீரியட் போவதே தெரியாது.

நவம்பர் 26-க்கும் ஜனவரி 26-க்கும் நடுவில் தடுமாறுபவர்கள் 394-ஐப் படிக்கலாம். குடியுரிமை, தேர்தல் ஆணையம் மாதிரி சில பிரிவுகள் மட்டும் ஏற்றுக்கொண்ட நாளிலேயே நடைமுறைக்கு வந்தன, மீதி 1950 ஜனவரி 26-க்குக் காத்திருந்தன. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது 1930 ஜனவரி 26-இல் கொண்டாடிய முழு விடுதலை நாளை நினைத்து.

எந்த நாட்டிலிருந்து எதை எடுத்தோம் என்ற அட்டவணை இருக்கிறதே, அதை ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு நகருங்கள். அயர்லாந்திலிருந்து நெறிமுறைக் கோட்பாடு என்று தெரிந்துகொள்வதால் கோட்பாடு புரியப்போவதில்லை. 1935-இன் இந்திய அரசுச் சட்டத்திலிருந்துதான் நிர்வாக அமைப்பின் பெரும்பகுதி வந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள், மூன்று பட்டியல், ஆளுநர் எல்லாம் அங்கிருந்துதான்.

கட்டுரைக் கேள்விக்கோ வகுப்புத் திட்டத்துக்கோ கொஞ்சம் ஆழம் வேண்டும் என்றால் அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படியுங்கள், ஆங்கிலத்தில் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன. முழுவதையும் படிக்க ஆயுசு போதாது, இரண்டு மூன்று உரை போதும். 1948 நவம்பர் 4-இல் அம்பேத்கர் வரைவை முன்வைத்துப் பேசியது ஒன்று. 1949 நவம்பர் 25-இல் அவர் பேசியது இன்னொன்று, அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அதில் எச்சரிப்பார். சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635, அவற்றில் முன்மொழியப்பட்டவை 2,473 என்ற கணக்கும் அந்த உரையில்தான் வருகிறது. வரைவுக் குழுவின் ஏழு பெயர்களை ஒப்பிக்கிற இடத்தில், டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5-இல் சபையில் சொன்னதையும் சேருங்கள்: ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், மற்றவர்களுக்கு வேறு வேலை, உடல்நலக் குறைவு, கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சொல்லி நன்றி தெரிவித்தார். அப்புறம் சபையில் இருந்த 15 பெண்களில் அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் மூவரும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள். பாடநூல் தாண்டி ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

குறிப்பு எடுப்பதும் விடை எழுதுவதும்

குறிப்பை எண் வரிசையில் எடுக்காதீர்கள், ஒன்றோடொன்று குழம்பும் பிரிவுகளை ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதுங்கள். 352-உம் 356-உம் 360-உம் ஒரு பக்கம்: முதலாவது நாட்டளவில், 1962, 1971, 1975 என்று மூன்று முறை வந்தது, ஒரு மாதத்துக்குள் சிறப்புப் பெரும்பான்மையில் ஒப்புதல் வேண்டும். இரண்டாவது மாநிலத்தில், இரண்டு மாதத்துக்குள் சாதாரணப் பெரும்பான்மை. மூன்றாவது நிதி நெருக்கடி, இதுவரை பிறப்பிக்கப்பட்டதே இல்லை. அதே மாதிரி 14, 15, 16 ஒரு பக்கம், 32-உம் 226-உம் ஒரு பக்கம், 74-உம் 163-உம் ஒரு பக்கம். 74, 163 இரண்டுமே அமைச்சரவையின் ஆலோசனை பற்றியவைதான், ஆனால் ஆளுநருக்கு "தன் விருப்புரிமை" என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள், குடியரசுத் தலைவருக்கு 74-இல் அது இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இது கண்ணில் படாது.

நண்பர்களோடு படிக்கிறவர்கள் ஒரு சின்ன விளையாட்டு செய்யலாம். ஒருவர் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், "பதிமூன்று வயதுப் பையன் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறான்" என்பது மாதிரி, மற்றவர்கள் பிடிஎஃபில் தேடிப் பிரிவைக் காட்ட வேண்டும். எண் தெரியாவிட்டாலும் எந்தப் பகுதியில் தேடுவது என்று தெரிகிறதா, அதுதான் முக்கியம்.

விடைத்தாளில் பிரிவு எண் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். தெரியாவிட்டால் "அடிப்படை உரிமைகள் பகுதியில்" என்று எழுதிவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், தப்பான எண்ணைப் போட்டால் சரியாக எழுதியதன் மேலும் சந்தேகம் விழும். ஐந்து மதிப்பெண் கேள்வியில் உரிமை, அதன் எல்லை, ஒரு வழக்கு அல்லது ஒரு திருத்தம் என்று மூன்றும் இருந்தால் திருத்துபவருக்கு வேறென்ன வேண்டும்.

கடைசியாக எண்ணிக்கை பற்றி. இப்போது மொத்தம் எத்தனை பிரிவு என்று ஒவ்வொரு கைடிலும் ஒவ்வொரு எண் இருக்கும், செருகியவற்றையும் நீக்கியவற்றையும் எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அரசியலமைப்பை உருவாக்க ஆன காலம் இரண்டு ஆண்டு பதினோரு மாதத்துக்குப் பிறகு 17 நாளா 18 நாளா என்பதிலும் இதே சண்டைதான், முதல் நாளைச் சேர்த்து எண்ணினால் ஒன்று கூடும். தேர்வுக்கு உங்கள் பாடநூலில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.